ஒன்றுமே செய்யாத ஆர்கான்

கும்மிடிப்பூண்டியில் பால் பண்ணைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்யும் கம்பெனி. நானும் பழவேற்காட்டு பாஷா பாயும் அங்கே டிக் வெல்டர்கள்; ஆர்கான் வாயுவைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டு தகட்டை ஒட்டுகிறவர்கள். எவ்வளவு புழுக்கமானாலும் நாங்கள் ஃபேன் போட மாட்டோம். போட்டால் ஆர்கான் கலைந்து, ஜாயின்ட் கருகிவிடும்.

ஆர்கானுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, எரியாது, எதனோடும் சேராது. ஸ்டீலே உருகி ஓடுகிற சூட்டிலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். குண்டு பல்புக்குள் கம்பி எரிந்துபோகாமல் காப்பதும் அதுதான். டேங்குக்குள் ஆர்கானை நிரப்பிவிட்டு வெளியே வெல்டு போட்டால், ஜாயின்ட்டின் உள்பக்க அடி, நாங்கள் ரூட் என்போம், வெள்ளியாய்ப் பளபளக்கும். அடேயப்பா! எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

அன்று கடைசி ஜாயின்ட் போட்டவர் பாய். போட்ட கையோடு ரூட்டைப் பார்க்காவிட்டால் வெல்டருக்குச் சோறு இறங்காது.

"புளோவர் போட்டு நல்ல காத்து உட்டுட்டு எறங்கு பாய்" என்றேன்.

"ஆர்கான் ஹோஸைத்தான் கழட்டிட்டேனே நைனா. தோ, பாத்துட்டு வந்துர்றேன்" என்று மேலே இருந்த மேன்ஹோல் வழியாக இறங்கிவிட்டார்.

ஹோஸைக் கழற்றினால் உள்ளே இருப்பது போய்விடுமா? ஆர்கான் காற்றைவிடக் கனம். தொட்டித் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கிக் கிடந்தது. பாய் ரூட்டைப் பார்க்கக் குனிந்தார். இருமல் இல்லை, திணறல் இல்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

பதறிப்போய் மேன்ஹோலில் காலை விட்டேன். சூப்பர்வைசர் ரேவதி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போவாதீங்கண்ணா! நீங்களும் உழுந்துடுவீங்க! டேங்க உருட்டுங்க. மேன்ஹோல் கீழ வந்தா கேஸு தண்ணி மாரி கொட்டிடும்!"

ரோலர் மேல் கிடந்த டேங்கை எல்லோரும் சேர்ந்து உருட்டினோம். மேன்ஹோல் தரையைப் பார்த்துத் திரும்பியது. கண்ணுக்கே தெரியாத ஒன்று எங்கள் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. வழுவழுப்பான தகட்டில் சறுக்கி, பாயின் கால்களும் வெளியே வந்தன. இழுத்துப் போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஊத ஊத, ஒரு பெரிய மூச்சு இழுத்தார்.

"இன்னா பாய் இப்டி பண்ணிட்ட! எனக்கு உசுரே இல்ல" என்று அழுதேவிட்டேன்.

பாய் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? இரு நைனா, உள்ள எறங்கி ரூட்ட பாத்துட்டு வந்துர்றேன்."

உள்ளே போனதே அவருக்குத் தெரியவில்லை! ஆர்கான் அவரை ஒன்றுமே செய்யவில்லை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

தம்பிகளா, மூச்சு முட்டினால் வெளியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முட்டாது. முதலில் புளோவரைப் போடுங்கள். பிறகு ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். ரூட் எங்கேயும் ஓடிப்போகாது.