அந்தோனியாரிடம் நான் கேட்ட கைரேகை

முதலில் என் களைப்பைச் சொல்கிறேன், பிறகு நன்றியைச் சொல்கிறேன். அப்போதுதான் ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்று உங்களுக்குப் புரியும்.

என் பெயர் லூர்துமேரி. பாம்பன் பக்கம். கடல்பாசி எடுப்பது தொழில். இடுப்பில் பை கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்க வேண்டும். விரல்களில் துணி சுற்றிக்கொள்வோம். முதலில் துணி கிழியும், அப்புறம் விரல் கிழியும். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நான் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. கடலுக்குப் போகாத நாளில் கருவாட்டுக் கொட்டகையில் உப்புக்குள் கையை விட்டிருப்பேன். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவேன். எங்கள் சாமியாருக்கே அது தெரியும்.

எனக்கு ஒரே ஒரு தோழி. பெயர் ஜெயசீலி. இலங்கையிலிருந்து குழந்தையாக வந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே வத்தைப் படகில் போய் ஒரே கல்லில் பாசி எடுத்தோம். ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி மேலே காத்திருப்பாள். ஒருமுறை அறுந்து கிடந்த வலையில் என் கால் சிக்கி நான் மேலே வராதபோது, முங்கி வந்து வலையை அறுத்து என்னை இழுத்தவள் அவள்தான். தாயும் தகப்பனும் முகாமிலேயே இறந்த பிறகு, நாலு வருடத்துக்கு முன் அவள் தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். திருகோணமலைப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில்தான் பார்த்துக்கொள்வோம். அங்கே போக எங்களுக்கு ஆதார் போதும்.

போன மாசித் திருவிழாவில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள், ஆவணியில் தனக்குக் கல்யாணம் என்று. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மாப்பிள்ளை படகு இஞ்சின் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அவர் பக்கம் ஊரே உறவு. இவள் பக்கம் ஒருவரும் இல்லை.

"மேரி, பொண்ணு வீடுன்னு எனக்கு நீ மட்டுந்தான். நீ வரலைன்னா நான் ஒத்தையிலதான் கோயில் படி ஏறணும்" என்றாள்.

வாரேன் என்று சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பங்குனியில் என் மகள் பிரின்சி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, என்னை ராமநாதபுரம் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். போட்டோ எடுத்தார்கள். விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தேன். அழுத்தி வைத்தேன். பத்து விரலில் ஒன்றுகூட விழவில்லை. ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான். அங்கே மகள் விரலை வைத்து அரிசி வாங்கிவிடுவோம். பாஸ்போர்ட்டுக்கு மகள் விரல் செல்லாது. அங்கிருந்த அம்மா நல்ல மாதிரி. கையை ஒன்றிரண்டு மாதம் தண்ணீரிலும் உப்பிலும் வைக்காமல் இருந்துவிட்டு வாருங்கள், தோல் வளர்ந்தால் விழும் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கையைச் சும்மா வைத்தால் வாயும் சும்மாதான் இருக்க வேண்டும்.

அந்தோனியாரிடம் போனேன். காணாமல் போனதையெல்லாம் தேடிக் கொடுப்பவர் ஆயிற்றே. "சாமி, நான் சாவியைத் தொலைக்கல, ஆட்டைத் தொலைக்கல. என் ரேகை அங்கன கல்லுலயும் கடல்லயும் கெடக்கு. எடுத்துத் தாங்க" என்று முழந்தாளில் நின்று கேட்டேன். ஐந்து செவ்வாய்க்கிழமை விடாமல் போனேன். இன்னொரு பக்கம் யார் என்ன சொன்னாலும் செய்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், சோற்றுக் கற்றாழை தடவினேன். ராத்திரி தடவியதை விடிந்ததும் கடலில் கழுவினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது என் புத்தி அவ்வளவுதான். சித்திரையில் மறுபடி போனேன். மறுபடியும் விழவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

வைகாசி முதல் வாரம் திருக்கை மீன் அடித்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனபோது மணலுக்குள் கிடந்ததை மிதித்துவிட்டேன். வாலில் இருக்கும் முள் கணுக்காலுக்கு மேலே இறங்கியது. அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. கூட வந்த பெண்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். புண் உள்ளே அழுகியதால் கீறிவிட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு வந்ததே கோபம். நான் கேட்டது விரல், வந்தது காலில் முள். அந்தோனியார் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். பிரின்சி பரமக்குடி சேலைக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பயந்துகொண்டே திருப்பி வைத்தாள். நான் செபம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பிறகு தூங்கினேன். சாப்பிடுவேன், தூங்குவேன். முதல் பத்து நாள் அப்படியே போனது. கூடப் பாசி எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு நாள் குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள். வாங்கிச் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. நான் படுத்தால் வீடே விழுந்துவிடும் என்று ஒன்பது வருடமும் நினைத்திருந்தேன். வீடு அதுபாட்டுக்கு நின்றது. இது எனக்கு நிம்மதியா வருத்தமா என்றுகூட அப்போது தெரியவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் ஜெயசீலி வீடியோவில் பேசினாள். கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அவள் என் பேச்சை நிறுத்தினாள்.

"அடியே, அந்தக் கையைக் கிட்டக் காட்டு" என்றாள்.

காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கோடு தெரியுதுடி மேரி" என்றாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சைப்பிள்ளை விரல் மாதிரி மெத்தென்று, சுற்றிச் சுற்றிக் கோடு. பத்து விரலையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போது அழுத மாதிரி என் வீட்டுக்காரர் போனபோதுகூட நான் அழவில்லை. பிரின்சியைக் கூப்பிட்டுப் படத்தைத் திருப்பச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

ஆனி முடிவதற்குள் நொண்டிக்கொண்டே மூன்றாம் முறை போனேன். விழுந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. அதுவும் பிறகு விழுந்தது. ஆடியில் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது.

ஓய்வெடுத்தால் தோல் வளரும், இதில் புதுமை என்ன இருக்கிறது என்று என் கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த அம்மாவும் பங்குனியிலேயே அதைத்தானே சொன்னார்கள். நான் கேட்டேனா? என்னை ஓரிடத்தில் உட்கார வைக்க ஆண்டவரைத் தவிர வேறு யாராலும் முடிந்திருக்காது. அந்த முள்ளை அவர்தான் அனுப்பினார் என்று சொல்ல நான் படித்தவள் இல்லை. ஆனால் அதை அவர் வீணாக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நாட்டுக்கு மதுரை போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போனேன். அந்த ஊர்க் கடற்கரையில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. வெளிநாட்டுக்காரர்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கடல் என்றால் வேலைக்குப் போகிற இடம். கரையோரப் பாறையில் பாசி கிடந்ததைப் பார்த்ததும் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கடலைச் சும்மா பார்த்தேன். நாற்பத்தைந்து வயதில் அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் மாப்பிள்ளை பக்கம் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஜெயசீலி நான் கொண்டுபோன பரமக்குடிப் பட்டுச் சேலையில் தலை குனிந்து நின்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா முன்னால் வந்து சுற்றிலும் பார்த்தார்.

"பொம்பிளைப் பகுதி ஆக்கள் எங்க?" என்று கேட்டார். பெண் வீட்டாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஜெயசீலி என் பக்கம் கையை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாம்மா. பாம்பன்லருந்து வந்திருக்கேன்" என்றேன்.

அந்த அம்மா எனக்குச் சந்தனம் வைத்துவிட்டு வழிவிட்டார். என் கால் இழுத்தது. ஜெயசீலி எனக்காக மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு படியாக இரண்டு பேரும் ஏறினோம்.

இப்போது மறுபடி கடலுக்குப் போகிறேன். ஆனால் செவ்வாயும் ஞாயிறும் போவதில்லை. வரும்படி கொஞ்சம் குறைவுதான், பட்டினி கிடக்கவில்லை. பிரசங்கத்தைக் கடைசி வரைக்கும் கேட்கிறேன். சாமியாருக்கு ஆச்சரியம்.

இதைப் படிக்கிற உங்களில் என்னைப்போல் களைத்துப்போன பெண்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தையும் சொல்லுங்கள், அவர் தாங்குவார். கேட்டுவிட்டு உடனே எழுந்து ஓடாமல், கொஞ்சம் படுங்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் எனக்குக் கொடுத்தார்.