கருப்பிக்கு நான் ஊட்டிய சத்து மாத்திரை

எங்கள் நாய் கருப்பிக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சையைத் தாங்கத் தெம்பு வேண்டுமே என்று, ஒரு வாரமாக வைட்டமின் சி மாத்திரைகளை வெல்லத்தில் பொதிந்து ஊட்டினேன். பிறகு வேப்பந்தட்டையிலிருந்து ஆட்டோவில் பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம்.

"வேற மருந்து ஏதாச்சும் குடுக்குறீங்களாம்மா?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

"இல்லைங்க சார்" என்றேன். சத்து மாத்திரையை நான் மருந்தாகவே நினைக்கவில்லை.

மயக்க ஊசி போட்டுக் கட்டியை அகற்றினார்கள். மதியமே விழித்திருக்க வேண்டியவள், மாலையாகியும் கண் திறக்கவில்லை. அழுதுகொண்டே மாத்திரை விஷயத்தைச் சொன்னேன்.

"அதுவும் மயக்கத்தைக் கூட்டியிருக்கலாம். முன்னாடியே சொல்லியிருந்தா ஊசி அளவக் கொறச்சிருப்பேனேம்மா" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விழித்தாள். என் உள்ளங்கையை நக்கி வெல்லம் தேடினாள். கூசிப்போனேன்.

இப்போதெல்லாம் அவளுக்கு ஊட்டும் அனைத்தையும் பையில் எடுத்துப்போய், மருத்துவர் கேட்பதற்கு முன்பே மேசையில் வைத்துவிடுகிறேன், வெல்லக்கட்டி உட்பட.