மருமகள் இழுத்துப் பார்த்த தோள்பட்டி

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. குறை நினைக்காமல் வாசியுங்கோ.

நாங்கள் கிரான்பர்னில் மகன் வீட்டில் இருக்கிறோம். மருமகள் குளிர்காலத்திலும் கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறவள். கயாக் என்பது, இருந்தபடியே துடுப்புப் போடும் ஒடுங்கிய சின்னப் படகு. போன ஆடியில், இங்கே அதுதான் நடுக்குளிர்காலம், என் மனுசனும் கூடப் போக வெளிக்கிட்டார். கடற்கரையில் பிறந்தவர், நல்ல நீச்சல்காரர். வயது மட்டும் எழுபத்திரண்டு. லைஃப் ஜக்கெட் போட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவரை எதிர்த்துக் கதைத்துப் பழகாதவள் நான். குளிருக்கென்று இரண்டு பருத்திப் பெனியனைப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

படகு இறக்கும் இடத்தில் மருமகள் முதலில் அவற்றைத்தான் கழற்றுவித்தாள்.

"மாமி, பருத்தி நனைஞ்சா லேசில காயாது. உடம்புச் சூட்டை எடுத்துப்போடும்."

கம்பளி உள்ளுடுப்பும், அதற்கு மேல் உடம்போடு ஒட்டும் றப்பர் உடுப்பும் கொடுத்தாள்.

"கணவாய் மீனுக்குள்ள என்னைத் திணிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் இவர். "ஜக்கெட் மட்டும் வேண்டாம் பிள்ளை. கடல் எனக்குப் புதுசோ?"

"கடல் புதுசில்லை மாமா, இந்தக் குளிர்தான் புதுசு. இடுப்பளவு தண்ணியில ஒருக்கா முங்கி எழும்புங்கோ. பிறகு கதைப்பம்."

"என்ன, ஞானஸ்நானமோ?"

"ஓம். பேரும் வைப்பன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் இறங்கினாள். இவர் சிரித்தபடி முங்கினார். எழும்பினார், வாய் திறந்தபடி நின்றது. ஒரு சொல் வரவில்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது.

"கதைக்காதேங்கோ மாமா. மெல்ல ஊதி விடுங்கோ."

கொஞ்ச நேரத்தின் பின்தான் குரல் வந்தது. "மூச்சு என்ர சொல்லுக் கேக்கேல்லை."

"ஆழத்தில விழுந்தாலும் முதல் இப்பிடித்தான். மூச்சு வருமட்டும் உங்களை மிதக்க வைக்கத்தான் ஜக்கெட்."

‘பாத்தீங்களோ’ என்று அவள் குத்திக்காட்டவில்லை. அவளிடம் நான் கண்ட பெரிய குணம் அது. இவரே கையை விரித்துக் கொடுத்தார். அவள் ஜக்கெட்டை மாட்டி, முன்பக்கக் கொழுவிகளை இறுக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டியையும் மேலே இழுத்துப் பார்த்தாள். ஜக்கெட் காது வரை ஏறினால் தளர்வாம். விசிலையும், தண்ணீர் புகாத பையில் போட்ட போனையும் படகில் வைக்காமல் அவர் ஜக்கெட்டிலேயே கட்டினாள். ஆள் விழுந்தால் படகு விலகிப் போய்விடுமல்லவா? திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதி, அதற்குள் வராவிட்டால் உதவிக்கு ஆளைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் தந்தாள். மாற்றுடுப்பும் சுடுதேநீரும் காரில் இருந்தன.

அன்று கரையோரமாக மட்டும்தான் கூட்டிப்போனாள். ஒரு மீனும் இல்லை. நாற்பத்தேழு வருடத்தில் நான் சொல்லி அவர் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் ஜக்கெட்டைத் தானே போட்டு, பட்டியை இழுத்துப் பார்க்கச் சொல்லி அவளிடம் போய் நிற்கிறார்.

நான் ஏதும் விட்டிருப்பேன், மாறியும் சொல்லியிருப்பேன். கயாக் தெரிந்த ஒருவர் இதைச் சரிபார்த்துவிடுங்கோ. என் பிழையை நம்பி ஒருவரும் குளிர்த் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.