ஐந்தடி உள்ளே

திண்டிவனம் கடைவீதியில் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. வரிசையில் ஒரு புது ஜவுளிக்கடை மட்டும் தெருவிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி நிற்கிறது. முன்னால் விட்ட இடத்தில் கட்டியிருக்கும் தார்ப்பாயின் கீழே ஒதுங்குகிறேன். பக்கத்துக் கடைக்காரர் தன் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) மூட்டைகளையும் இங்கேயே இழுத்து வந்து அடுக்குகிறார். அவருடைய பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறது.

ஜவுளிக்கடை பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் உழைத்த பணத்தில் கட்டிய கடை இது.

"ஏன் பாய் இவ்வளவு உள்ள தள்ளிக் கட்டினீங்க?"

"புதுசா கட்டினா அஞ்சடி விட்டுத்தான் கட்டணும்னு ரூலுங்க. தெரு பூரா அப்டி ஆயிடும்னு நம்பிட்டேன். இடிச்சாத்தானே எடம் போவும்? ஒழுகினாலும் பரவால்லன்னு எல்லாரும் பழசையே வெச்சிக்கினு இருக்காங்க. என் கடை யார் கண்ணுக்கும் தெரியல. ஒரே பேஜாரு."

ரூலை மதித்த ஒரே மனிதருக்கு இந்தப் பொந்துதான் மிச்சம். எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு வரவில்லை. மல்லாட்டைக் கடைச் சுவரைக் காட்டுகிறார். தெருவைப் பார்த்தபடி அதில் இவருடைய ஜவுளிக்கடை போர்டு தொங்குகிறது.

"பக்கத்துக் கடை அண்ணன்தான் மாட்டிக்கச் சொன்னாரு."

சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. இரண்டு சவுக்குக் கழிகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

"முட்டும் அவர் வெச்சதுதானா?"

"நான் வெச்சதுங்க," என்கிறார் பாய். "அந்தச் செவுரு விழுந்துட்டா, இங்க ஒரு கடை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"