ரைட்டுன்னா போவணும்

என் மச்சான் அந்த சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. "மாமா, அச்சு அசலு வண்டி ஓட்டற மாதிரியே கீது, ஒக்காந்து பாரு" என்றான். இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவனிடம், ஸ்கூட்டரைக்கூட ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நிறுத்தத் தெரியாத ஒருவன் பேசுகிற பேச்சா இது?

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை. கரையான்சாவடியில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருந்தான். தொண்ணூறுகளின் கடைசி அது; எங்கள் தெருவில் முதல் கம்ப்யூட்டர் அவனுடையதுதான். ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லி வாங்கினான். அதில் ஆபீஸ் வேலை நடந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் நான் வண்டி ஓட்டாமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு.

ஒரு சாயங்காலம், எங்கள் கரையான்சாவடி ஸ்டாப்பில்தான், கண்டக்டர் "ரைட்" என்றான். அவனுக்கு விசில் ஊதுகிற பழக்கம் கிடையாது, எல்லாம் வாய்தான். நான் வண்டியை எடுத்தேன். வேலை முடிந்து வந்த ஒரு அம்மா ஒரு காலைப் படிக்கட்டில் வைத்திருந்தார், மறு காலை இன்னும் தூக்கவில்லை. கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. விசாரணையில், எடுப்பதற்கு முன்னால் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன், யாரும் இல்லை என்று சொன்னேன். பார்க்கவில்லை. அவன் ரைட் என்றால் என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அமுக்கும், அவ்வளவுதான். தப்பு முழுக்கக் கண்டக்டர் தலையில் விழுந்தது. அவனைத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு டெப்போவுக்குத் தூக்கி அடித்தார்கள். பூந்தமல்லியில் வீட்டை வைத்துக்கொண்டு அவன் விடியாத பொழுதில் கிளம்பி அங்கே போய்வந்தான். இதையெல்லாம் நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சீட்டில் உட்கார்ந்தேன். புதுக் கண்டக்டர் ரைட் என்றான். கால் அசையவில்லை. மறுபடி ரைட் என்றான். கால் கட்டைபோலக் கிடந்தது. எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன், அப்போதும் அமுக்க முடியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். டெப்போவில் என்னை டைம் ஆபீஸில் போட்டார்கள், எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற வேலை. மூன்று மாதம் பொறுத்துவிட்டு, அந்த மாதக் கடைசியில் இன்ஸ்ட்ரக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கால் விஷயம் மட்டும் என் மனைவிக்குத் தெரியும். அதனால்தான் தம்பியைத் தூண்டிவிட்டு என்னை அந்த விளையாட்டின் முன்னால் உட்கார வைத்தாள் என்று பிறகு புரிந்தது.

விளையாட்டு கார் ராலி. மலைப்பாதை, காட்டுப்பாதை, பனி கொட்டுகிற பாதை என்று ஏதேதோ நாட்டில் ஒற்றைக் காரை விரட்டிக்கொண்டு போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்தது என்று மச்சான் ஒரு ஸ்டியரிங்கும் மாட்டினான். பஸ் ஸ்டியரிங் முறம் அளவு இருக்கும், இது தோசைக்கல் அளவு. தரையில் வைக்க இரண்டே பெடல். க்ளச் எங்கே என்று கேட்டேன். க்ளச்செல்லாம் தேவையில்லை மாமா, கியர் தானாக மாறிக்கொள்ளும் என்றான். என் இடது கால் அரை மணி நேரம் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. வலது கால் மிதித்த மிதியில் பெடல் வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் அம்மிக்கல்லை நகர்த்திவந்து முட்டுக் கொடுத்தோம்.

முதலில் எனக்கு 'ஈஸி' வைத்துக் கொடுத்தான். கியர் அதுவே போட்டுக்கொள்கிறது, வளைவு வந்தால் பிரேக்கும் அதுவே பிடிக்கிறது. மரத்தில் நேராக மோதினேன். கார் பந்துபோலத் துள்ளித் திரும்பி வந்து மறுபடி ஓடியது. மரத்துக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டால் டிரைவர் என்று நான் எதற்கு, நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன்.

ரோஷப்பட்டு, நிஜமானது என்று 'ஹார்டு' வைத்தான். அது இன்னும் அநியாயம். ஸ்டியரிங்கை இம்மி திருப்பினால் கார் பம்பரம் சுற்றியது. மூன்று இடி இடித்தால் ரேடியேட்டர் போய்ப் புகை வந்தது. இதுதான் உண்மை என்று மச்சான் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டி ஓட்டுவது கண்ணால் மட்டுமா? பின்சக்கரம் நழுவுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உட்காரும் இடத்துக்குத் தெரிய வேண்டும். க்ளச் பிளேட் தீய்வது மூக்குக்குத் தெரிய வேண்டும். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது பிரேக் மிதிக்கும்போது காலுக்குத் தெரிய வேண்டும். இந்த விளையாட்டு இதையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் விட்டுவிட்டு, எங்கே பிசகாமல் ஓட்டு பார்ப்போம் என்கிறது. ஈஸியில் என் வேலையைப் பிடுங்கினார்கள், கஷ்டத்தில் என் உடம்பையே பிடுங்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லையா என்று கேட்டேன். 'மீடியம்' இருக்கிறது என்று வைத்தான். அதில் இரண்டு அநியாயமும் பாதிப் பாதி இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சரளைக்கல் ரோட்டைச் சரியாகச் செய்திருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஜல்லி கொட்டிய புதிதில், பஸ்ஸுக்கு வருமுன், லாரி ஓட்டியிருக்கிறேன். அங்கே பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தால் வண்டி நிற்காமல் நம்மைக் கேட்காமல் எப்படி மிதந்து போகுமோ, அதேபோல இதிலும் போனது. அதைச் செய்த ஆள் எங்கோ ஒரு முறையாவது நிஜ ரோட்டில் பயந்திருக்கிறான்.

அந்த மரியாதையையும் கெடுக்க ஒருவன் இருந்தான். காரில் பக்கத்து சீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு, வரப்போகிற வளைவுகளையும் அவை எவ்வளவு கூர்மை என்பதையும் நோட்டைப் பார்த்து இங்கிலீஷில் படிக்கிறான். ரைட் த்ரீ, லெஃப்ட் ஃபோர் என்று நிறுத்தாமல் கத்துகிறான். அவன் கண்டக்டர் மாதிரியா என்று கேட்டதற்கு, அப்படித்தான் வைத்துக்கொள் என்றான் மச்சான். அங்கேதான் வினை.

அந்த ஆள் "ரைட்" என்றான். நான் அமுக்கினேன். கார் நேராகப் போய் மலையிலிருந்து விழுந்தது.

மறுபடி கிளம்பினோம். "ரைட்" என்றான். அமுக்கினேன். மறுபடி பள்ளத்தாக்கு. ஐந்தாவது தடவை மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, ரைட்டுன்னா சோத்தாங்கை பக்கம் திருப்பணும்."

"ரைட்டுன்னா போவணும்டா. இருபத்திரெண்டு வருசமா அதான் அர்த்தம்."

லெஃப்ட் திருப்பங்களில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எந்தக் கண்டக்டரும் இதுவரை என்னிடம் லெஃப்ட் என்று சொன்னதில்லை, அதனால் அதைக் கேட்டதும் நின்று யோசித்து அழகாகத் திருப்பினேன். ரைட் என்ற சொல் மட்டும் மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போனது. அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலைக்கிறேன் என்று மச்சான் எழுந்தான்.

"நிறுத்தாத" என்றாள் என் மனைவி. எப்போது வந்து நிலைப்படியில் நின்றாள் என்று தெரியவில்லை, கையில் மாவு ஒட்டியிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அம்மிக்கல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, உங்க காலு போவுது பாத்தீங்களா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த கால், ரைட் என்ற சொல்லுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து மாதக் கடைசிவரை, டைம் ஆபீஸ் முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் மலையிலிருந்து விழுந்தேன். இங்கிலீஷ்காரன் ரைட் என்பான், நான் அமுக்குவேன், கார் விழும். ஒரு பந்தயத்தில்கூட நான் எல்லைக்கோட்டைப் பார்க்கவில்லை. இவ்வளவு நல்ல விளையாட்டை யாரும் இப்படி வீணாக்கியிருக்க மாட்டார்கள் என்று மச்சான் புலம்பினான். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பரீட்சை நாளில் டெப்போவிலிருந்து நெமிலிச்சேரி வரை போய்வரச் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். பஸ் காலி. அவரே பின்வாசல் பக்கம் நின்றுகொண்டு கண்டக்டர் வேலையும் பார்த்தார். கரையான்சாவடி ஸ்டாப்பில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். "ரைட்" என்றார். கால் சட்டென்று அமுக்கியது. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அவருக்குத் திருப்தி, குரலிலேயே தெரிந்தது.

எனக்குத்தான் இல்லை. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கால் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வந்தது அந்தப் பழைய கால், யார் ஏறுகிறார்கள் இறங்குகிறார்கள் என்று பார்க்காமல் அமுக்குகிற அதே கால். அந்த விளையாட்டில் ஒரு மாதம் நான் பழகியது அதைத்தான். பனியைச் செய்தார்கள், புழுதியைச் செய்தார்கள், ரேடியேட்டர் புகையைக்கூடச் செய்தார்கள். ஆயிரம் தடவை அவன் ரைட் என்று சொல்ல, ஆயிரம் தடவையும் நான் பார்க்காமல் அமுக்கினேன், யாருடைய மணிக்கட்டும் உடையவில்லை. ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னாய்யா ஆச்சு? நல்லாத்தானே எடுத்தே."

"கண்ணாடி பாக்கல சார்."

"அதான் பின்னாடி ஒருத்தரும் இல்லியே."

"அன்னிக்கு இருந்தாங்க சார். அன்னிக்கும் பாக்கல."

அவர் வண்டியை டெப்போவுக்குத் திருப்பச் சொன்னார். மேனேஜர் அறையில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, தவளை தன் வாயால் கெடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபம் ஒரு வாரம் இருந்தது. நான் கெட்டதற்காகவா, அவளிடமே இத்தனை நாள் மறைத்ததற்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓட்ட முடிகிறது என்பதால் ஓய்வுவரை என்று இல்லாமல், தண்டனையாக டைம் ஆபீஸ் நாற்காலி இன்னும் ஆறு மாதத்துக்கு எனக்கே என்று ஆனது. கண்டக்டரைத் திரும்பப் பூந்தமல்லி டெப்போவுக்கே மாற்றினார்கள். அதற்கிடையில் மச்சான் வேறொரு சி.டி. கொண்டுவந்தான். இதில் இடித்தால் கார் நிஜமாகவே ஒடுங்குகிறது, கண்ணாடிகூட உடைகிறது என்றான்.

"படிக்கட்டுல ஆளு கீறாங்களா?" என்று கேட்டேன்.

"கார்ல ஏது மாமா படிக்கட்டு?"

நீயே ஓட்டிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து எனக்கு வண்டி கொடுத்தபோது, கண்டக்டராக வந்தவன் திருவொற்றியூர் போய்வந்த அவனேதான். டெப்போவில் யாராவது வேண்டுமென்றே போட்டார்களா, தற்செயலா, தெரியாது. கரையான்சாவடியில் நல்ல கூட்டம். "ரைட்" என்றான், அதே குரல். நான் கண்ணாடியைப் பார்த்தேன். கூடையோடு ஒரு அம்மா ஒரு காலைப் படிக்கட்டில் வைத்திருந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வண்டி போவுமா போவாதா என்று உள்ளே இரண்டு பேர் கத்த ஆரம்பித்தார்கள். அந்த அம்மா கூடையை உள்ளே தள்ளி, மறு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்தார். அதற்கப்புறம் எடுத்தேன்.

ஆவடியில் எல்லாரும் இறங்கிய பிறகு அவன் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். பையிலிருந்த சில்லறையைத் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இத்த அன்னிக்கு செஞ்சிருந்தா இன்னா மாமே?"

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று டைம் ஆபீஸ் பக்கம் நடந்து போனான்.