ஓட்டுநர் பக்கத்துக் கதவு

கார்களைக் கழுவி மெருகேற்றும் அந்தக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விரல்காரர் என்றுதான் சொல்வார்கள். கழுவித் துடைத்த காரைப் பார்த்து மற்றவர்கள் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள். அவர் பார்க்கவே மாட்டார். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கூரையிலிருந்து கதவு வரை தடவிக்கொண்டே போவார். வெறும் கைக்குப் பிடிபடாத சொரசொரப்பு, பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணை மூடினதும் உதடு லேசாக அசையும். வேலை நல்லபடியாக முடியவேண்டுமென்று ஆண்டவனிடம் ஒரு வார்த்தை. தண்ணீர் பீய்ச்சும் பம்புக்காரனுக்கு அது தினப்படி வேடிக்கை.

"என்னண்ணே, காருக்கு மந்திரிக்கிறீங்களா?"

"மந்திரிச்சா அழுக்கு போகும்னா உன்னைத்தான் தம்பி முதல்ல மந்திரிச்சிருப்பேன்."

மேலே படிந்த தூசி சோப்புத் தண்ணீரில் போய்விடும். பெயின்ட்டில் குத்தி உட்கார்ந்துவிட்ட இரும்புத் தூளும், தாரும், மரப்பிசினும் அப்படிப் போகாது. அதை எடுக்காமல் பாலிஷ் போடுவது, உடம்பு தேய்த்துக் குளிக்காமல் புதுச்சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி. அதை எடுக்கவென்றே ஒரு களி உண்டு. பிசைந்த மாவுபோல மெத்தென்று இருக்கும். அதைத் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, நேராக இழுத்தால் ஒட்டியதெல்லாம் களியோடு வந்துவிடும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு, சுத்தமான பக்கத்தால் மறுபடி இழுக்க வேண்டும். இதில் மீறக்கூடாதது ஒன்றே ஒன்று. தரையில் விழுந்த களி குப்பைக்குப் போகவேண்டும். அதில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போதும், பெயின்ட்டைக் கீறிவிடும். இருபது வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்லி வந்தவர் அவர்.

அவருக்கு ஒரே மகன். நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஊரில் ஒரு வியாபாரியிடம் ஓட்டுநராக இருந்தான். மெருகின்மேல் பூசும் காப்புப் பூச்சு ஆறு மாதம் தாங்கும். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளியின் கறுப்புக் காரை இந்தக் கடைக்கு ஓட்டி வருவான். முதலாளி வண்டியைத் தனியே விட்டுப் போகக்கூடாதென்று, வேலை முடிகிறவரை பெஞ்சிலேயே படுத்துத் தூங்குவான். முடிந்ததும் கிளம்பிவிடுவான். வீடு பத்து நிமிஷ நடைதான். வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வீட்டுப் படி ஏற நேரம் வாய்க்கவில்லை. போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்ப்பா, வண்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பான். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அதனால் மகன் எப்படி இருக்கிறான் என்பதை அவர் காரைத் தடவித்தான் தெரிந்துகொண்டார். கூரையில் ஒரு பக்கம் மட்டும் பிசின் புள்ளி இருந்தால், பிள்ளை நாள் முழுக்க ஏதோ மரத்தடியில் காத்துக் கிடந்திருக்கிறான். சக்கரத்துக்கு மேலே தார் தெறித்திருந்தால், ரோடு போடுகிற இடமெல்லாம் அலைந்திருக்கிறான்.

மகன் வரவேண்டிய அன்றைக்குக் காலையில் வீட்டம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது அவனைக் கூட்டிட்டு வருவீங்களா, இல்ல போன தடவை மாதிரி கையை வீசிட்டு வருவீங்களா?"

"ஒரு மணிக்குத் தட்டை எடுத்து வை. ரெண்டு பேரும் வர்றோம்."

"ஒங்க ஒரு மணி எனக்குத் தெரியாதா!" என்றாள். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது.

மகன் எட்டு மணிக்கு வந்தான். இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டுமாம். விரல்காரர் கணக்குப் போட்டார். களி வேலையைப் பன்னிரண்டுக்குள் தான் முடித்துவிட்டால், மெஷின் பாலிஷையும் பூச்சையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரமாவது மகனைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடலாம். அன்றைக்கு அவர் வேண்டிக்கொண்டதும் அது ஒன்றைத்தான்.

இரும்புத் தூளைக் கரைக்கும் மருந்தைத் தெளித்ததும் பின்பக்கம் முழுக்க இரும்பு கரைந்து ஊதா நிறத்தில் வழிந்தது. அவ்வளவு இரும்பை அவர் அந்தக் காரில் கண்டதில்லை.

"ராத்திரியில வண்டியை ரயில் தண்டவாளத்துப் பக்கமா நிறுத்தறியாப்பா?"

மகன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வண்டியே சொல்லுது. ரயில் சக்கரத்துத் தூள் இது."

"ரூமை மாத்திட்டேன். தண்டவாளத்தை ஒட்டித்தான். வாடகை கம்மி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ரயில் சத்தத்துல தூக்கம் வருதான்னு கேட்டே என்னைத் தூங்க விடமாட்டா."

சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! விரல்காரருக்குக் கையில் வேகம் கூடியது. கூரை, முன்பக்கம், இடது பக்கம் எல்லாம் முடிந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு வந்தபோது பதினொன்றரை. கண்ணாடிக்குக் கீழே ஒரு முழங்கை நீளத்துக்குப் பிசுக்கு படிந்து மங்கியிருந்தது. பிள்ளை கையை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிற இடம். எத்தனை வாசலில், எத்தனை மணி நேரமோ! அவர் பை மாட்டிய கையை அதன்மேல் வைத்தபடி நின்றுவிட்டார். மற்றக் கையிலிருந்த களி நழுவித் தரையில் விழுந்தது.

புதுக் களி உள் அறைப் பூட்டுக்குள். சாவி கடை முதலாளியிடம். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார், திரும்ப அரை மணியாவது ஆகும். மகன் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. விரல்காரர் குனிந்து களியை எடுத்தார். சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசினார். நாலு முறை மடித்தார். ஒரு கதவுதானே என்று இழுத்தார்.

துடைத்துவிட்டுப் பார்த்தபோது, முடியை இழுத்து ஒட்டினாற்போல ஏழெட்டுக் கீறல்கள் வெயிலில் மின்னின.

பம்புக்காரன் எட்டிப் பார்த்தான். வழக்கமான கேலியை விட்டுவிட்டு, போய்ப் பம்பை நிறுத்தினான்.

"சரியாக்க எவ்வளவு நேரமாகும்?" என்று மகன் கேட்டான்.

"பக்குவமா எடுக்கணும். சாயங்காலம் ஆயிடும்."

"அப்பா, எங்க முதலாளி ஒரு கீறலுக்குப் பழைய டிரைவரையே அனுப்பிட்டாரு. நானே எங்கயோ உரசிட்டேன்னு சொல்லிடறேன். நம்ம கடைக்குப் பேரு கெட வேணாம்."

"வேணாம்யா. தப்பு என் கையோடது. போனைக் குடு."

மகனின் முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். களி விழுந்ததை, எடுத்ததை, ஏன் எடுத்தார் என்பதை.

"அவன் உங்க பையனா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா மொத நாளே அனுப்பி வச்சிருப்பேனே!"

விரல்காரர் மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டி அங்கயே இருக்கட்டும், நல்லா பண்ணிக் குடுங்க. நாளைக்கு வேற ஆளை அனுப்பறேன். ஆனா உங்க பையன் இப்பவே பஸ் ஏறணும். ஆறு மணிக்கு ஒருத்தரை அழைச்சிட்டு வரணும், இன்னொரு வண்டிக்கு இன்னிக்கு ஆள் இல்ல. அடுத்த தடவை ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்."

நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

"ஏம்ப்பா சொல்லல?"

"வேலையை வேலையாப் பாக்கணும்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க."

பஸ் பன்னிரண்டரைக்கு. அவர் வீட்டுக்குப் போன் போட்டார். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். "எந்த ஸ்டாப்பு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். கதவில் போட்டிருந்த பாலிஷைக் காய்வதற்குள் துடைத்தாக வேண்டியிருந்ததால் அவரால் கூடப் போக முடியவில்லை. மகன் ரோட்டைக் கடந்து போவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

அவள் பாத்திரத்தோடு ஓடியிருக்கிறாள். பஸ் கிளம்பும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டாளாம். "இளைச்சுட்டான். மூஞ்சியப் பார்த்தேன், அது போதும்" என்று சாயங்காலம் சொன்னாள். போதவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். "சாப்பிட வாங்க, ஆறிப்போச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் வேறொரு ஓட்டுநர் வந்தார். கதவில் கீறலின் சுவடே இல்லை. காப்புப் பூச்சையும் விரல்காரர் தன் கையாலேயே போட்டிருந்தார்.

"அடுத்து எப்பங்க கொண்டு வரணும்? முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு."

மூன்று மாதம் என்று சொல்லலாம். மழைக்காலம், பூச்சு சீக்கிரம் போய்விடும் என்றால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஆறு மாசம் தாங்கும்" என்றார்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கதவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். கார் தெருமுனையில் திரும்பி மறையும் வரை விரல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.