சொந்தக்காரருக்குக் காட்டிய ஜேர்மன்

கணவரின் வேலைக்காக மூன்று வருடத்துக்கு ஜேர்மனியிலிருந்து எங்கள் ஊரான தேற்றாத்தீவுக்கு வந்தோம். திரும்பிப் போனதும் மகள் அங்கேதான் படிக்க வேண்டும். ஆனாலும் ஒன்லைன் ஜேர்மன் பள்ளி தேவையில்லை என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வரும் சொந்தமெல்லாம், "மகள், ஜேர்மன்ல ஒண்டு பேசிக் காட்டுங்க" என்பார்கள். அவளும் பேசுவாள். மொழி மறக்கவில்லை என்று நம்பிய மடைச்சி நான்.

ஒருநாள் அவளுடைய பழைய ஆசிரியை வீடியோவில் வந்து, என்ன கதை வாசித்தாய் என்று கேட்டார். சொந்தக்காரருக்குச் சொல்லும் அதே மூன்று வசனங்களைச் சொல்லிவிட்டு அழுதாள். "அம்மா, வேற ஒண்டும் வருகுதில்ல."

அடுத்த கிழமையே அந்த ஒன்லைன் பள்ளியில் சேர்த்தேன். இப்போது யாராவது பேசிக் காட்டச் சொன்னால், "பிள்ளை என்ன குரங்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன். கோபித்தால் கோபிக்கட்டும். நேற்று மகள் என்னிடம் ஜேர்மனில் எதிர்த்துப் பேசி வாய்காட்டினாள். ஏச மனம் வரவில்லை.